120 நாள் சட்டமும் 21 நாள் உத்தரவும்

2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு உத்தரவு கையெழுத்தானது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியச் சரக்குகளுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி. 21 நாள் கழித்து, 27-ஆம் தேதி முதல் அமல். வேறொரு 25 சதவீதம் அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டு, 7-ஆம் தேதி அமலாக இருந்தது. இரண்டும் சேர்ந்து 50. திருப்பூரிலிருந்து வெளிநாடு போகும் பின்னலாடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. அதே ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் வரி 20 சதவீதம்.

இப்போது கம்பெனிகள் சட்டத்தின் 173-ஆம் பிரிவைப் பாருங்கள். இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு. சிறு நிறுவனங்களுக்கு இன்னும் சலுகை உண்டு, அரையாண்டுக்கு ஒரு கூட்டம் போதும். ஆக, ஜூலை கடைசி வாரத்தில் கூடிக் காப்பி குடித்துக் கலைந்த ஒரு போர்டு, சட்டத்தை ஒரு எழுத்தும் மீறாமல், அடுத்து நவம்பர் மூன்றாவது வாரத்தில் கூடலாம். அதற்குள் தீபாவளியே முடிந்திருக்கும். போனஸ் கொடுத்திருக்க வேண்டும்.

21 நாளாவது பரவாயில்லை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குச் சொல்லி, நள்ளிரவில் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2020 மார்ச் 24-ஆம் தேதி ஊரடங்கும் அதே எட்டு மணிக்கு அறிவித்து, அதே நள்ளிரவில் அமலானது. நான்கு மணி நேரம். எந்தப் போர்டும் நான்கு மணி நேரத்தில் கூடாது. கூடினாலும் முதல் ஒரு மணி நேரம் டி.வி.யில் கேட்டதைப் பேசுவதிலேயே போய்விடும்.

இந்த நூலை வாசிப்பவர் பெரும்பாலும் யார் என்று எனக்குத் தெரியும். அப்பா சேர்மன், மூத்த மகன் எம்.டி., இளையவர் உற்பத்தி, மருமகன் மார்க்கெட்டிங், அம்மா பெயருக்கு இயக்குநர், கூடவே ஓய்வு பெற்ற ஒரு பேங்க் அதிகாரி. மும்பைப் பெரிய நிறுவனங்களில் இதற்கெனத் தனிக் குழுவே இருக்கும். பங்குச்சந்தையில் பட்டியலான முதல் 1,000 நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மைக் குழு கட்டாயம் என்று செபி சொல்லிவிட்டது. உங்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயம்.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். நான் கம்பெனி செக்ரட்டரியாக உட்கார்ந்திருந்த இடம், பெயர் வேண்டாம். வரி அமலாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. மெர்ச்சண்டைசர் பையன் நின்றுகொண்டிருந்தான். அமெரிக்க பையர் கேட்ட தள்ளுபடிக்குச் சரி என்று மெயில் போட்டுவிட்டிருந்தான்.

"யாரைக் கேட்டுப்பா ஒத்துக்கிட்ட?" என்றார் பெரியவர்.

"எம்.டி. சார் மெஷின் பார்க்கச் சீனா போயிருந்தாருங்கய்யா. பையர் அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டாங்க. விட்டிருந்தா ஆர்டர் கைமாறியிருக்குமுங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எம்.டி. ஊர்ல இல்லைன்னா யாரு முடிவு பண்றதுன்னு மினிட்ஸ்ல எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கோமா?"

இல்லை. பதினெட்டு வருட மினிட்ஸ் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பையன் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை, ஆனால் அன்றைக்கு அது யாருக்குமே இல்லை.

ஆகவே முதல் வேலை இது. அமைதியாக இருக்கும் ஒரு நாளில், முறைப்படி கூடிய கூட்டத்தில், ஒரு நிலைத் தீர்மானம் போட்டு வையுங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "அரசு ஆணை, நீதிமன்ற உத்தரவு, சுங்க வரி மாற்றம், நாணய மதிப்பு மாற்றம் ஆகியவற்றால் நிறுவனத்தின் ஒப்பந்தங்களோ உற்பத்தியோ பாதிக்கப்படும் நிலையில், எம்.டி.யும், அவர் இல்லாதபோது இன்னாரும், மொத்தம் இத்தனை லட்சம் ரூபாய்க்கு மிகாத விலைக்குறைப்பு, ஆர்டர் ரத்து, கொள்முதல் நிறுத்தம் ஆகியவற்றை முடிவு செய்யலாம். அந்த முடிவை 48 மணி நேரத்துக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." இரண்டாவது ஆளின் பெயரை எழுதும்போதுதான் வீட்டுக்குள் சங்கடம் வரும். மூத்த மருமகனா, இளைய மகனா? அந்தச் சங்கடத்தை இப்போதே பட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 27-ஆம் தேதி படுவதை விட அது மலிவு.

இந்தத் தீர்மானத்தால் எல்லாம் முடிந்துவிடாது. கடன் வாங்குவது, நிறுவனப் பணத்தை முதலீடு செய்வது, கடனோ உத்தரவாதமோ கொடுப்பது போன்றவற்றை 179-ஆம் பிரிவின்படி போர்டு கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்றையும் எம்.டி.யிடமோ ஒரு குழுவிடமோ ஒப்படைக்கலாம். அந்த ஒப்படைப்பும் ஒரு கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் தீர்மானம் இதற்குச் செல்லாது. அவசரம் என்றால் ஏழு நாளுக்குக் குறைந்த அறிவிப்பில் கூட்டம் போட்டுக்கொள்ளலாம்; சுயேச்சை இயக்குநர் இருக்கும் நிறுவனத்தில் அவர்களில் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். வீடியோவில் வந்தாலும் வந்ததாகத்தான் கணக்கு. சீனாவில் மெஷின் பார்த்துக்கொண்டிருப்பவரும் வரலாம்.

அடுத்து, மாற்றம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். 'அமெரிக்க வரி' என்று பேப்பரில் படிக்கும்போது அது ஏதோ வானிலை மாதிரித் தோன்றும். உங்கள் அலுவலகத்துக்குள் அது வருவது இன்வாய்ஸில் உள்ள மூன்றெழுத்து வழியாக. எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால் இறக்குமதி வரி பையர் தலையில், டி.டி.பி. என்றால் உங்கள் தலையில். முதல் வகையில் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைத்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். வரியைச் சட்டப்படி கட்ட வேண்டிய பையர், அதில் பாதியை நீ தள்ளுபடியாகக் கொடு என்று கேட்டார். கொடுக்காவிட்டால் சரக்கு குடோனிலேயே கிடக்கும். அவர் பிராண்ட் லேபிள் தைத்த பனியனை வேறு யாரிடம் விற்பது?

இரண்டாவது வாசல் பேங்க். ஆர்டரைக் காட்டி பேக்கிங் கிரெடிட் வாங்கியிருப்பீர்கள். ஆர்டர் தள்ளிப்போனால் அந்தக் கடனின் தவணை தள்ளிப்போகாது. மூன்றாவது, நூல். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பாதிக்கப்பட்ட ஜவுளித் துறைக்கு உதவுகிறோம் என்று மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் கடைசி வரை, பிறகு டிசம்பர் கடைசி வரை. பஞ்சு வாங்கப் போகிறவருக்கு அது நல்ல செய்தி. ஜூலையிலேயே கையிருப்பு வாங்கிக் குவித்திருந்த மில்லுக்கு அதே செய்தி நஷ்டம். உள்ளூர்ப் பருத்தி விவசாயிக்கு வேறு கவலை. ஆகவே 'அரசு சலுகை அறிவித்துவிட்டது' என்று யாராவது போர்டில் சொன்னால், அது நமக்கு எந்தப் பக்கத்தில் வந்து விழுகிறது என்று கேளுங்கள்.

உங்கள் நிறுவனத்தின் வாசல்களை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். எத்தனை வாடிக்கையாளர்கள், எத்தனை நாடுகள், எந்தெந்த அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது, எந்தக் கடன் எந்த நிபந்தனையில். ஒரு பக்கத்துக்கு மேல் போகவே கூடாது. போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு வரியில் 'ஒன்று' என்ற எண் வந்தால் அதன் கீழ் கோடு போடுங்கள். ஒரே பையர், ஒரே நாடு, ஒரே சாயப்பட்டறை. போர்டில் பேச வேண்டிய விஷயம் அந்தக் கோடுகள்தான்.

எல்லா மாற்றமும் திடீரென்று வருவதில்லை. நொய்யல் ஆற்றைப் பற்றித் திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு 2006-லேயே வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரி 28-ஆம் தேதி. எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. நடுவில் நான்கு வருடத்துக்கு மேல் அவகாசம்! அந்த ஆண்டுகளில் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களின் மினிட்ஸில் 'சாயப்பட்டறை நின்றால் என்ன செய்வோம்' என்ற வரி எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? நான் புரட்டிப் பார்த்த புத்தகங்களில் ஒன்றில்கூட இல்லை. சாயம் போடுவது வேறு ஒருவர் தொழில், நாம் தைத்து அனுப்புகிறவர்கள் என்ற எண்ணம். துணி வராமல் நின்றபோது தையல் மெஷினும் நின்றது.

நான்கு மணி நேர அதிர்ச்சிக்கு ஆளையும் அதிகாரத்தையும் முன்கூட்டி நிர்ணயிக்க வேண்டும். நான்கு வருட அதிர்ச்சிக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்வியைச் சலிக்காமல் திரும்பக் கேட்கும் ஒரு ஆள். போர்டில் அந்த ஆளை யாருக்கும் பிடிக்காது. 'ஆரம்பிச்சுட்டாருய்யா' என்பார்கள். அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சி மாற்றத்தைப் பற்றி ஒன்று. அரசோடு போட்ட ஒப்பந்தம்தான் உலகத்திலேயே பத்திரமானது என்று நினைக்கும் சேர்மன்கள் இருக்கிறார்கள். 2019-இல் ஆந்திராவில் ஆட்சி மாறியதும், புதிய அரசு முந்தைய காலத்துக் காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையைத் திரும்பப் பேசக் குழு அமைத்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஒப்பந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் ஜெயித்தன. ஆனால் நடுவில் ஏறக்குறைய இரண்டரை வருடம் குறைந்த இடைக்கால விலையில் ஓட்ட வேண்டியிருந்தது. பேங்க் தவணைக்கு இடைக்காலம் கிடையாது. அரசு வாங்கும் பொருளை விற்பவர்கள், வழக்கில் ஜெயிப்போமா என்பதைவிட, ஜெயிக்கும் வரை தாக்குப்பிடிப்போமா என்று கணக்குப் போட வேண்டும்.

தலைவரின் கையிருப்பும் இதில் மாறுகிறது. இதை யாரும் போர்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. 1991 ஜூலை 24-க்கு முன்னால், ஒரு தொழிலதிபரின் மிகப் பெரிய திறமை டெல்லி உத்யோக் பவனில் யார் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்திருப்பது. கூடுதலாக ஒரு மெஷின் போடவும் லைசென்ஸ். 100 கோடிக்கு மேல் சொத்துள்ள குழுமம் என்றால் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் இன்னொரு அனுமதி. அன்றைக்கு வந்த புதிய தொழில் கொள்கை பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸை எடுத்துவிட்டது. முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த அறிமுகங்களின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. அந்த மனிதர்கள் முட்டாள்கள் இல்லை. பழைய ஆட்டத்தில் கெட்டிக்காரர்களாக இருந்ததே புதிய ஆட்டத்தில் பாரமாயிற்று.

இன்றைக்கு நியூயார்க்கில் ஒரே பையரோடு இருபது வருடச் சிநேகம் வைத்திருக்கும் சேர்மனும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார். அவரிடம் இதை மகன் சொன்னால் அவமானம். மருமகன் சொன்னால் கலகம். வெளி ஆளான இயக்குநர்தான் சொல்ல வேண்டும், அதுவும் கூட்டத்தில் இல்லை, தனியாக, சாப்பாட்டுக்குப் பிறகு. "ஐயா, ஐரோப்பாவைத் தம்பி பார்த்துக்கட்டுங்க, அமெரிக்கா உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று ஆரம்பிக்கலாம். பலித்ததைப் பார்த்திருக்கிறேன்; பலிக்காததையும்.

கட்சி நன்கொடை பற்றிச் சுருக்கமாக. 182-ஆம் பிரிவின்படி அதற்குப் போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, மூன்று வருடம் ஆகாத நிறுவனம் கொடுக்கவே கூடாது. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 2017-இல் எடுத்துவிட்டு, தேர்தல் பத்திரமும் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாதென்றது. மார்ச் மாதம், பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் ஊருக்கெல்லாம் தெரிந்தது. ரகசியம் என்ற உறுதியை நம்பித் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட இயக்குநர்களுக்கு அது மறக்காது. இன்றைய சட்டம் மறைக்கும் என்பதை நம்பி எதையும் எழுதாதீர்கள். அது நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் என்ன பதில் சொல்வோம் என்று எழுதுங்கள்.

இனி உங்கள் சொந்தக் கழுத்து.

2008 டிசம்பர் 16-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸின் போர்டு, தலைவர் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மேய்டாஸ் நிறுவனங்களை வாங்க ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் கைவிட்டது. மூன்று வாரத்தில் கணக்கு மோசடி வெளியே வந்தது. மத்திய அரசு பழைய போர்டை நீக்கிப் புதியவர்களை அமர்த்தியது. சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரனும் அவர்களில் ஒருவர். அந்த அதிர்ச்சியின் சூடு 2013 கம்பெனிகள் சட்டத்தில் தெரியும். சுயேச்சை இயக்குநர் எப்போது பொறுப்பாவார் என்று 149(12) சொல்கிறது: போர்டு நடவடிக்கைகளின் வழியே அவர் அறிய, அவர் சம்மதத்தோடு நடந்தவற்றுக்கு, அல்லது அவர் கவனமாக இருக்கத் தவறியவற்றுக்கு. கடைசிச் சொற்றொடரை இரண்டு முறை படியுங்கள். தூங்கினேன் என்பது எதிர்வாதம் ஆகாது.

உடன்படாத முடிவு வந்தால் என்ன செய்வது? 'நான் அப்போதே சொன்னேன்' என்று பத்து வருடம் கழித்துச் சொல்வதற்கு மதிப்பில்லை. கூட்டத்திலேயே, "என் மறுப்பை மினிட்ஸில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். வரைவு வந்ததும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெயிலில் திருத்தம் கேளுங்கள், அந்த மெயிலின் நகலை உங்கள் சொந்தக் கணக்கில் வையுங்கள். ராஜினாமாவும் ஒரு வழிதான். கடிதத்தை நிறுவனம் பெற்ற நாளிலோ, நீங்கள் குறித்த நாளிலோ, எது பின்னோ அதிலிருந்து அது செல்லும். பதவியில் இருந்த காலத்தின் தவறுகளுக்கான பொறுப்பு அதனால் போகாது. நிறுவனம் பதிவாளரிடம் தெரிவிக்காமல் இழுத்தடித்தால், டி.ஐ.ஆர்.-11 படிவத்தில் நீங்களே தெரிவிக்கலாம்.

பெயருக்கு இயக்குநராக இருக்கும் அம்மாவையும் மறக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று வருடம் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு ஐந்து வருடத் தகுதியிழப்பு. 2017-இல் ஷெல் கம்பெனி வேட்டை தொடங்கியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித் தகுதியிழந்தார்கள். பழைய, ஓடாத ஒரு கம்பெனியில் பெயர் கிடந்ததால், ஓடும் கம்பெனியிலும் உட்கார முடியாமல் போனவர்கள் அதில் உண்டு.

இதையெல்லாம் விடக் கனமானது பர்சனல் கேரண்டி. சி.சி. லிமிட் புதுப்பிக்கும்போது பேங்க் மேனேஜர் கொண்டுவரும் தாள் கட்டில் அதுவும் ஒன்று. பென்சிலில் குறி போட்ட இடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். முன்பு அது பெரும்பாலும் பீரோவில் தூங்கும் தாள். 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் மீதும் திவால் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்றாயிற்று. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கம்பெனியை வேறொருவர் எடுத்துக்கொண்டு கடனில் ஒரு பகுதி தீர்ந்தாலும், ஜாமீன்தாரர் அதனாலேயே விடுபட்டுவிட மாட்டார் என்றும் சொன்னது. இயக்குநர் பதவியை விட்டு விலகினால் ஜாமீனும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பேங்க் எழுத்தில் விடுவிக்காத வரை போகாது.

கணக்கு இப்போது உங்களுக்கே புரியும். வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, ஆர்டர் நிற்கிறது, பேக்கிங் கிரெடிட் நிலுவையாகிறது, 90 நாள் கடந்தால் வாராக்கடன், அதன் பிறகு அந்தத் தாள் பீரோவிலிருந்து எழுந்து வீட்டுப் பத்திரத்தைத் தேடி வருகிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு இயக்குநரும் தாம் கையெழுத்திட்ட கேரண்டிகளின் நகலோடு வர வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே போடுங்கள். தொகை, தேதி, எந்தக் கடனுக்கு என்று ஒரு பட்டியல். பெரும்பாலானோர் வீட்டில் நகல் இருக்காது. பேங்க் கிளையில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நான் பார்த்தவரை ஏழு நாள் முன்னறிவிப்பு அதற்குப் போதாது, பதினைந்து நாளாவது கொடுங்கள்.